பத்தியின் ஈர்ப்பு மையம் எங்கே?

ஒரு பத்தியை மாணவர்களிடம் கொடுத்து, "இதன் மையக் கருத்து யாது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று விடைகளுள் ஒன்று வரும். சிலர் முதல் வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதுவர். சிலர் தடித்த எழுத்தில் அச்சான சொல்லைச் சுட்டுவர். இன்னும் சிலர் பத்தியில் உள்ள பெரிய எண்ணைப் பிடித்துக் கொள்வர். மூன்று விடைகளும் பத்தியின் தோற்றத்திலிருந்து பிறந்தவை. பொருளுக்குள் எவரும் நுழையவில்லை.

மாணவர்களைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் கற்பிக்கும் முறையையும், அதை அளக்கும் வினாத்தாளையும் விமர்சிப்பதே நோக்கம். "இயற்பியல் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை?" என்று தமிழாசிரியர்கள் கேட்கலாம். இயற்பியல் கணக்கு ஒவ்வொன்றும் ஒரு சிறு பத்தியாகவே மாணவர் முன் வருகிறது. சூத்திரம் நன்கு தெரிந்திருந்தும், வினா எதைக் கேட்கிறது என்று தெரியாமல் கணக்கை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். ஆகவே இது எங்கள் வகுப்பறையின் சிக்கலும்தான்.

உலக அளவுகோல் சொன்னது

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு நடத்தும் 'பீசா' என்னும் தேர்வு 15 வயது மாணவர்களின் படிப்புத் திறனை அளக்கிறது. 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்து கொண்டன. 2011 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. படித்துப் பொருள் கொள்ளும் பகுதியில் தமிழ்நாடு பெற்ற மதிப்பு 337. அவ்வமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரியோ 493! அடிப்படை நிலையை எட்டியவர்கள் நம்மில் நூற்றுக்குச் சுமார் 17 பேர். அந்நாடுகளில் சுமார் 81 பேர்.

அந்த அடிப்படை நிலை யாது? கடினமான இலக்கியத் திறனாய்வு எதுவும் அல்ல. ஒரு பகுதியைப் படித்து அதன் மையக் கருத்தை அடையாளம் காண்பது அந்நிலைக்கு உரிய பணிகளுள் ஒன்று. வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்ற காரணம் அப்போது கூறப்பட்டது. 2012, 2015 சுற்றுகளில் இந்தியா பங்கேற்கவில்லை. வினாக்களில் வேற்று நாட்டுச் சூழல் இருந்தது உண்மையாகவே இருக்கட்டும். வெப்பநிலைமானி பிடிக்கவில்லை என்று அதை வீசி எறிந்தால் காய்ச்சல் இறங்கிவிடுமா? நம் ஊருக்கு ஏற்ற வேறு மானியையாவது செய்து கொண்டிருக்க வேண்டும்.

டிம்பலியும் முழு மதிப்பெண்ணும்

நம் தமிழ்த் தேர்வுகளில் "பின்வரும் பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடை தருக" என்ற பகுதி நெடுங்காலமாக உண்டு. அது எதை அளக்கிறது என்று பார்ப்போம். கீழ்வரும் வாக்கியத்தைப் படியுங்கள்.

"டிம்பலி கோசட்டையில் மெல்ல நுவட்டியது."

வினா 1: எது நுவட்டியது? விடை: டிம்பலி. வினா 2: டிம்பலி எங்கே நுவட்டியது? விடை: கோசட்டையில். வினா 3: எவ்வாறு நுவட்டியது? விடை: மெல்ல. மூன்று வினாக்களுக்கும் முழு மதிப்பெண்! ஆனால் டிம்பலி என்றால் என்ன என்று படித்தவருக்கும் தெரியாது. எழுதிய எனக்கும் தெரியாது. அப்படி ஒரு பொருளே கிடையாது. வேற்றுமை உருபுகளைத் தேடத் தெரிந்தால் போதும். பொருள் புரிய வேண்டியதில்லை. நம் பத்தி வினாக்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை.

'சுருக்கி வரைதல்' என்ற பயிற்சி இதை ஈடு செய்திருக்கலாம். நல்ல பயிற்சிதான் அது. ஆனால் 'மூன்றில் ஒரு பங்கு' என்ற விதி அதன் உயிரை வாங்கிவிட்டது. மாணவர் சொற்களை எண்ணுகிறார், மூன்றால் வகுக்கிறார், அங்கொன்றும் இங்கொன்றுமாக வாக்கியங்களை வெட்டி அந்த அளவுக்குக் கொண்டு வருகிறார். எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று தீர்மானிப்பதற்கு முதலில் மையக் கருத்து தெரிய வேண்டுமன்றோ? அந்தப் படியை நாம் கற்பிக்கவே இல்லை.

திருவக்கரைக் கல்மரங்கள்

இனி உண்மையான ஒரு பத்தியை எடுத்துக் கொள்வோம். நம் மாவட்டத்துச் செய்தியாகவே இருக்கட்டும்.

"விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் தேசியக் கல்மரப் பூங்கா உள்ளது. இங்குள்ள கல்மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை உடையவை. புதைந்த மரத்தில் நிலத்தடி நீரிலிருந்து சிலிக்கா படிந்து, மரம் சிறிது சிறிதாகக் கல்லாக மாறியது. இந்த மரங்கள் இவ்விடத்திலேயே வளர்ந்து நின்றவையா? அடிமரங்கள் படுத்த நிலையில் கிடக்கின்றன. அவற்றில் கிளைகளோ வேர்ப்பகுதியோ ஒட்டியிருக்கக் காணோம். வெள்ளத்தில் வெகுதூரம் அடித்து வரப்படும் மரம் இவற்றை வழியிலேயே இழந்துவிடும்."

இதன் மையக் கருத்து யாது? "திருவக்கரைக் கல்மரங்கள்" என்பது தலைப்பு, கருத்தாகாது. "2 கோடி ஆண்டுகள்" என்பது கண்ணைக் கவரும் எண்; பத்தி அதை நிறுவ முயலவில்லை. சிலிக்கா வாக்கியம் பயனுள்ள செய்திதான். ஆனால் அதை நீக்கினாலும் வாதம் குலையவில்லை. படுத்த நிலை, கிளையும் வேரும் இல்லாமை, வெள்ளத்தின் செயல் ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. "இம்மரங்கள் இங்கு வளர்ந்தவை அல்ல, வெள்ளம் வேறிடத்திலிருந்து கொண்டு வந்து சேர்த்தவை." இதுவே மையக் கருத்து. வியப்பு என்னவென்றால், இந்த வாக்கியம் பத்தியில் எங்குமே இல்லை!

இது இயற்பியல் மாணவருக்குப் புதிதன்று. திண்மத் தகட்டின் ஈர்ப்பு மையம் தகட்டுக்குள்ளேயே இருக்கும். வளையலின் ஈர்ப்பு மையம் எங்கே? நடுவிலுள்ள வெற்றிடத்தில். அங்கே பொருள் எதுவும் இல்லை. எனினும் வளையலின் எடை முழுவதும் அப்புள்ளியில் செயல்படுவதாகக் கொள்கிறோம். அதுபோல் சில பத்திகளில் மையக் கருத்து ஒரு வாக்கியமாக வெளிப்பட்டு நிற்கும். சிலவற்றில் வாக்கியங்களின் நடுவே சொல்லப்படாமல் நிற்கும். முதல் வாக்கியத்தை எழுதிப் பழகியவர் இரண்டாம் வகையை எவ்வாறு கண்டறிவார்?

தூக்குநூல் முறை

ஒழுங்கற்ற அட்டையின் ஈர்ப்பு மையத்தை ஆய்வுக்கூடத்தில் எப்படிக் காண்கிறோம்? ஒரு துளையில் அட்டையைத் தொங்கவிட்டுத் தூக்குநூல் வழியே கோடு வரைகிறோம். வேறொரு துளையில் தொங்கவிட்டு இரண்டாம் கோடு. இரண்டும் வெட்டும் இடமே மையம். மூன்றாம் துளையில் தொங்கவிட்டுச் சரி பார்க்கிறோம். பத்திக்கும் இதே முறை உதவும்.

முதல் கோடு: இப்பத்தி எதைப் பற்றியது?

இரண்டாம் கோடு: அதைப் பற்றி என்ன சொல்ல வருகிறது?

மூன்றாம் கோடு: ஒவ்வொரு வாக்கியமும் அக்கருத்துக்கு என்ன வேலை செய்கிறது? சான்றா, உதாரணமா, பின்னணியா?

மூன்றாம் கோட்டைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். அதன் விளைவு என் பாடத்தில் நன்றாகத் தெரிகிறது. "நிலைமம் என்றால் என்ன?" என்று கேட்டால், "பேருந்து திடீரென நின்றால் நாம் முன்னால் சாய்வோம்" என்ற விடை வருகிறது. பொருள்கள் தம் நிலையை மாற்றிக்கொள்ள இயல்பாகவே இணங்குவதில்லை என்ற கருத்து மறைந்து, அதை விளக்க வந்த உதாரணம் அதன் இடத்தில் அமர்ந்துவிட்டது. பேருந்து ஓடும் வரை சரி. கோள்களின் இயக்கம் வந்ததும் இந்த மாணவர் திகைத்து நிற்கிறார்.

நன்னூல் வைத்த வரிசை

கருத்தைத் தேடிப் படிப்பது மேலைநாட்டு இறக்குமதி என்று எவரும் எண்ண வேண்டாம். உரை எப்படி அமைய வேண்டும் என்று கூறும் பவணந்தி முனிவர், நன்னூலில் உரைக்குப் பதினான்கு உறுப்புகள் வகுத்தார். பாடத்துக்கு அடுத்த இரண்டாம் இடத்தில் அவர் வைத்தது 'கருத்து'. 'சொற்பொருள்' அதற்குப் பிறகே வருகிறது. நம் வகுப்பறையிலோ அருஞ்சொற்பொருளில் தொடங்குகிறோம். மணி அடித்ததும் கருத்தை வந்தடையாமலேயே எழுந்து விடுகிறோம்!

இங்கே ஒரு மறுப்பு எழும். மையக் கருத்தை ஒவ்வொருவரும் தம் சொற்களில் எழுதினால், இலட்சக்கணக்கான விடைத்தாள்களை ஒரே சீராகத் திருத்துவது எங்ஙனம்? நியாயமான கேள்வி. மாணவரின் உழைப்பு திருத்துபவரின் மனப்போக்கைச் சார்ந்து நிற்கக் கூடாது. இதற்கு எளிய வழி உண்டு. பத்தியின் கீழ் நான்கு கூற்றுகளைத் தரலாம். ஒன்று வெறும் தலைப்பு. ஒன்று பத்தியைவிட அகன்றது. ஒன்று சிறு விவரம். ஒன்று மையக் கருத்து. சரியானதைத் தெரிவு செய்து, அதைத் தாங்கும் இரு வாக்கியங்களின் எண்களைக் குறிக்கச் சொல்லலாம். திருத்துவதும் எளிது, டிம்பலிகளுக்கு மதிப்பெண்ணும் கிட்டாது.

கெடார் போன்ற ஊர்களில் தமிழ்வழியில் படித்து, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் கல்லூரிக்கு வரும் மாணவர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: "ஆங்கிலம் தெரியாததால் தடுமாறுகிறார்கள்." இது பாதி உண்மை. தமிழ்ப் பத்தியிலேயே கருத்தைப் பிரித்தெடுக்கப் பழக்கப்படாதவர், ஆங்கிலப் பத்தியில் இரட்டைச் சுமை சுமக்கிறார். தாய்மொழியில் அத்திறனைப் பெற்றவருக்கு அகராதி ஒன்று போதும். மெதுவாகவேனும் வழி கண்டுகொள்வார். ஆகவே தமிழ்வழிக் கல்வியைக் குறை சொல்லு முன், தமிழில் படிக்கக் கற்றுக் கொடுத்தோமா என்று நம்மையே கேட்டுக் கொள்வது நல்லது.

மாணவ நண்பர்களே, வினாத்தாள் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். இன்று உங்கள் அறிவியல் பாடநூலில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் உங்கள் சொந்த நடையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். பிறகு மூன்றாம் தூக்குநூலைத் தொங்கவிட்டுச் சரி பாருங்கள். எழுத வராத பத்தி இருந்தால் அதை ஆசிரியரிடம் கொண்டு செல்லுங்கள். சில வேளைகளில் குறை உங்களுடையதாக இராது. மையமே இல்லாமல் எழுதப்பட்ட பத்திகளும் பாடநூல்களில் உண்டு. அதைக் கண்டுபிடித்துச் சொல்வதும் படிப்பின் பயன்தான்.