ஆறடி நிலமும் ஒரு குறையும்

கல்லறைத் திருநாள் மறையுரைக்கு லியோ டால்ஸ்டாயின் கதை ஒன்று நமக்குப் பல ஆண்டுகளாகக் கைகொடுத்து வந்தது. 'ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?' என்பது அதன் தலைப்பு. 1886ஆம் ஆண்டு வெளிவந்தது. நிலத்தின்மேல் ஆசை கொண்டு ஓடி ஓடி, இறுதியில் ஆறடிக் குழிக்குள் அடங்கிய உழவன் பாகோமின் கதை அது. அதைச் சொல்லி முடித்ததும் கல்லறைத் தோட்டத்தில் நிலவும் அமைதியைக் கண்டு, விதை நல்ல நிலத்தில் விழுந்தது என்று நாமும் மனநிறைவு கொள்வதுண்டு.

ஓராண்டு அந்த மனநிறைவு நிலைக்கவில்லை. கல்லறைகளை மந்திரித்து முடித்ததும் பங்கின் செல்வந்தர் ஒருவர் அருகில் வந்தார். "சாமி, இன்றைய பிரசங்கம் உள்ளத்தைத் தொட்டது" என்றார். அடுத்த மூச்சிலேயே, "சிற்றாலயத்தை ஒட்டிக் குடும்பத்துக்கென நான்கு கல்லறைக்கு இடம் ஒதுக்கித் தரவேண்டும், தொகை எவ்வளவானாலும் சரி" என்றார். அவர் நம்மைக் கேலி செய்யவில்லை. நாம் சொன்னதைத்தான் கேட்டிருந்தார். முடிவில் ஆறடிதான் சொந்தம் என்றோம். அந்த ஆறடி நல்ல இடமாக அமையட்டும் என்று அவர் விரும்பினார்.

குறை கேட்டவரிடமா, சொன்னவரிடமா, கதையிலேயேவா? இவ்வினாவோடு அக்கதையை மீண்டும் படித்தோம்.

கதையின் வலிமை அதன் முடிவைவிட நடுப்பகுதியில்தான் மிகுதி என்று இப்போது தோன்றுகிறது. நிலமில்லாதபோது பாகோமின் மாடுகள் பக்கத்துப் பண்ணைக்குள் புகுந்ததற்காக அவன் தண்டம் கட்டி நொந்தவன். நிலம் வந்ததும், தன் எல்லைக்குள் மேய்ந்த கால்நடைகளுக்காக அயலாரிடம் அவனே தண்டம் வாங்குகிறான். பின்னர் பாஷ்கீர் மக்களின் நாட்டுக்குச் செல்கிறான். ஒரு நாளில் நடந்து வளைக்கும் நிலமெல்லாம் ஆயிரம் ரூபிளுக்கு அவனுக்கு. கதிரவன் மறையுமுன் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்ப வேண்டிய வேளையில் ஈரப்பசையுள்ள ஒரு பள்ளம் கண்ணில் படுகிறது. அங்கே ஆளி நன்றாக விளையுமே, விட்டுவிட மனமில்லை! பேராசை இங்கே அரக்க வடிவில் வரவில்லை; நல்ல உழவனின் கணக்காகவே வருகிறது. நம் வீடுகளுக்குள்ளும் அது 'பிள்ளைகளின் எதிர்காலம்' என்ற நல்ல பெயரோடுதான் நுழைகிறது. இதைக் கண்டு காட்டியது டால்ஸ்டாயின் மேதைமை.

ஆயினும் கதை தன் இறுதித் தீர்ப்பை மரணத்தின் கையில் ஒப்படைத்துவிடுகிறது. ஓடிவந்த பாகோம் விழுந்து சாகிறான். வேலையாள் தலைமுதல் கால்வரை அளந்து குழி வெட்டுகிறான். (ரஷ்ய மூலத்தில் மூன்று 'அர்ஷின்', அதாவது ஏழடி, ஆறடி என்பது ஆங்கில வழி வந்த கணக்கு.) செல்வம் நிலையாதது என்பது உண்மையே. அதைச் சொல்ல நாலடியாரும் பட்டினத்தாரும் நமக்கு முன்பே இருக்கிறார்கள். ஆனால், சாவு நெருங்குகிறது என்ற செய்தியைக் கேட்டு ஒருவன் துறவியாகலாம். இன்னொருவன் இருக்கும்வரை உண்டு களிக்கலாம். மூன்றாமவன் கல்லறைக்கு இடம் பிடிக்கலாம். அச்சம் மனிதனைக் கணக்குப் பார்க்க வைக்கும். கையைத் திறக்க வைப்பது அரிது.

நற்செய்தியாளர் மாற்கு தம் பத்தாம் அதிகாரத்தில் இன்னொருவரை ஓடிவரச் செய்கிறார். பெயர் இல்லை. மாற்கு அவரை இளைஞர் என்றும் சொல்லவில்லை. ஓடிவந்து முழந்தாளிட்டு, நிலைவாழ்வுக்கு வழி கேட்கிறார். கட்டளைகளைச் சிறு வயதுமுதல் கைக்கொண்டவர். டால்ஸ்டாய் தொடக்கத்திலேயே அடுப்புக்குப் பின்னால் சாத்தானை அமர்த்தி நம்மை எச்சரித்துவிடுகிறார். மாற்கோ, வந்தவர் செல்வர் என்ற செய்தியை அவர் முகம் வாடித் திரும்பிப் போகும்வரை நமக்குச் சொல்வதில்லை. அதுவரை நாம் காண்பது ஒரு நல்ல மனிதரை. ஏறத்தாழ நம் பங்குப் பேரவை உறுப்பினரை!

இயேசு அவரிடம் சாவைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. அவரை உற்று நோக்கினார், அவர்மேல் அன்பு கொண்டார் என்கிறார் மாற்கு. இந்த அன்பைக் குறிப்பிடுபவர் அவர் ஒருவரே. குறை ஒன்று உண்டு என்று ஆண்டவர் சொன்னதும், விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னதும், பின்தொடர அழைத்ததும் அந்த அன்பிலிருந்தே பிறந்தன. பாகோமை அப்படிப் பார்க்கக் கதையில் எவருமில்லை. மாற்கின் செல்வர் சாகவுமில்லை. உயிரோடு, உடைமையோடு, துயரத்தோடு வீடு திரும்புகிறார். குழியில் கிடக்கும் பாகோமைவிட நடந்து போகும் இவரே நம்மை மிகுதியாக அஞ்சச் செய்கிறார்.

இப்பகுதியைத் திருச்சபை இருவகையில் கேட்டிருக்கிறது. அலெக்சாந்திரியா நகர் கிளமெந்து, கி.பி. 200ஐ ஒட்டி, மீட்படையும் செல்வர் யார் என்று ஆராய்ந்து, உள்ளத்திலிருந்து அகற்ற வேண்டியது பொருட்பற்றே என்று விளக்கினார். தாராளமாகக் கொடுக்கவும் அவர் வற்புறுத்தினார். நாம் அந்தப் பாதியை மறந்து, 'மனத்தில் பற்றில்லை' என்ற மறுபாதியை மட்டும் வசதியாக வைத்துக்கொண்டோம். அதே எகிப்தில், 270ஐ ஒட்டி, அந்தோணி என்னும் இளைஞர் இதே அழைப்பை மத்தேயுவின் வடிவில் ஆலயத்தில் கேட்டார். வளமான முந்நூறு 'அரூரா' நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார் என்கிறார் அவருடைய வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியார். அவரே நாம் வணங்கும் வனத்து அந்தோணியார். எல்லாரும் பாலைவனம் போக வேண்டியதில்லை. ஆனால் வாசகம் தன்னை நோக்கியே சொல்லப்பட்டது என்று அவர் கேட்டதுபோல் கேட்க வேண்டாமா?

மாற்கு அந்த அதிகாரத்தை அத்துயரத்தோடு முடிக்கவில்லை. எரிகோவின் வழியோரம் பார்வையற்ற பர்த்திமேயு அமர்ந்திருக்கிறார். அழைப்பு வந்ததும் மேலுடையை எறிந்துவிட்டு எழுகிறார். அவருக்கு அதைவிட வேறென்ன உடைமை இருந்திருக்கும்! பார்வை பெற்று, இயேசுவின் வழியே நடக்கிறார். திருவழிபாட்டிலும் செல்வரைப் பொதுக்காலம் 28ஆம் ஞாயிறன்றும், பர்த்திமேயுவை 30ஆம் ஞாயிறன்றும் வாசிக்கிறோம். இடையில் உள்ள இரண்டு வாரம், நாம் இவ்விருவரில் யார் என்று எண்ணிப் பார்க்கப் போதுமானது.

திரும்பிப் போனவரை இயேசு கூப்பிட்டு, பாதி கொடுத்தால் போதும் என்று சொல்லவில்லை. நாமாயிருந்தால் பின்னால் ஓடியிருப்போம். திருவிழாச் செலவுக்கு அவர் தேவைப்படுவாரே! கல்லறைத் தோட்டத்தில் நம்மிடம் வந்தவரை, "பேரவையில் கேட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவைத்தோம். அவரை அன்போடு உற்று நோக்கவுமில்லை. குறை ஒன்று உண்டு என்று சொல்லவுமில்லை. அந்தக் குறை நம்முடையது.