யாருடைய அளவு?

பழைய கிரேக்க வெண்கலக் கவசங்களை இன்றும் கையால் தட்டிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கிரேக்கத்தில், இங்கிலாந்தில், அமெரிக்காவில். இந்தியாவில் டேராடூனில்கூட நகல் வாளும் கவசமும் செய்து மேல்நாடுகளுக்கு அனுப்புகிற தொழில் உண்டு. அந்த வேலையைப் படத்தில் பார்க்கும்போது நம் வாயில் வருவது ஒரே வார்த்தைதான்: “அப்படியே இருக்கு.” இந்த ‘அப்படியே’யைத்தான் கொஞ்சம் கிண்டிப் பார்க்க விரும்புகிறேன். எதைப் போல அப்படியே?

நிறத்திலிருந்து தொடங்கலாம். மியூசியத்தில் இருக்கும் கவசம் பச்சையாக, சில இடத்தில் கறுப்பாக இருக்கிறது. அது மண்ணுக்குள் கிடந்த காலத்தின் நிறம். அதைப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனவன் அந்தப் பச்சையைப் பார்த்ததே இல்லை. புது வெண்கலம் கிட்டத்தட்டத் தங்கம் மாதிரி மின்னும். ரசாயனம் பூசிப் பச்சையாக்கிய நகல் மியூசியத்துக்கு விசுவாசமாக இருக்கிறது. பளபளக்கும் நகல் பட்டறைக்கு விசுவாசமாக இருக்கிறது. இரண்டுமே ‘அப்படியே’தான்.

அடுத்தது உலோகம். வெண்கலம் என்பது செம்போடு சுமார் பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்தது. வெள்ளீயத்துக்குப் பதில் துத்தநாகம் சேர்த்தால் பித்தளை. மலிவாகக் கிடைக்கும் நகல்கள் பெரும்பாலும் பித்தளைத் தகடுதான். கண்ணுக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, சுத்தியலுக்குத் தெரியும். வெண்கலத் தகட்டைத் தட்டத் தட்ட அது இறுகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் இன்னும் ஒரு அடி விழுந்தால் விரிசல் விடும். அதற்கு முன்னாடியே நிறுத்தி, சிவக்கக் காய்ச்சி, இளக்கி, மறுபடி தட்ட வேண்டும். கன்னம், மூக்கு, பிடரி எல்லாவற்றையும் ஒரே தகட்டில் கொண்டுவருகிற கொரிந்தியத் தலைக்கவசத்துக்கு இப்படிப் பல சுற்று. பல்கலைக்கழகத்தில் இதை ஒரு வளைகோடாக மனப்பாடம் பண்ணித்தான் பரீட்சை எழுதினேன். சத்தம் மாறுவதைக் காதால் கேட்டு, கையை நிறுத்துகிற ஓர் ஆள் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது.

அந்த வெள்ளீயம் எங்கள் ஊருக்கு அந்நியமில்லை. டெங்கிலில் இன்று தாமரையும் பறவையும் பார்க்கப் போகிற பாயா இண்டா ஏரிகள், ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய குழிகள். பெரியவர்கள் இன்னும் ஈய லம்பம் என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் நிறமும் உலோகமும் சரியாக இருந்தும் ஒரு நகல் பொய்யாக இருக்கலாம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: அளவு. யாருடைய உடம்புக்காக அது தட்டப்பட்டது?

1960இல் கிரேக்கத்தின் டென்ட்ரா கிராமத்தில் ஒரு கல்லறையைத் தோண்டியபோது, கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முழு வெண்கலக் கவசம் கிடைத்தது. கழுத்தில் உயரமான வளையம், தோளில் தகடு, இடுப்புக்குக் கீழே வளையம் வளையமாகத் தொங்கும் தகடுகள். பார்த்தால் மனிதன் நடமாடுகிற உடை என்றே தோன்றாது. இது சண்டைக்கா, இல்லை சும்மா சடங்குக்கா என்று பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. 1980களில் பர்மிங்காமில் அதற்கு ஒரு நகல் செய்தார்கள். 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கிரேக்க ஆயுதப்படையைச் சேர்ந்த 13 வீரர்கள் டென்ட்ரா கவசத்தின் நகலைப் போட்டுக்கொண்டு 11 மணி நேரப் போர்ப் பயிற்சியை முடித்தார்கள். சண்டைக்கு உகந்ததுதான் என்பது முடிவு.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இதில் வேறொரு சுவை இருக்கிறது. என்ன சாப்பிடுவது, எப்படி மோதுவது என்பதையெல்லாம் ஆய்வாளர்கள் இலியட்டிலிருந்து தொகுத்திருந்தார்கள். இலியட் இந்தக் கவசத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. அதை வைத்து இந்தச் சோதனையைக் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனாலும் அலமாரியில் நின்றிருந்தால் அந்த நகல் வெறும் சாமான். உடம்பில் ஏறியதும் அது ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது. நல்ல நகல் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஹோமருக்கும் அளவு முக்கியம். அகில்லஸின் கவசத்தைப் பாத்ரோக்ளஸ் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போகிறான். ஈட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போகிறான், அது அவன் கைக்கு அடங்காது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவன் அகில்லஸ் ‘அப்படியே’. கடைசியில் அப்போலோ தட்டிவிட, கவசம் கழன்று விழுகிறது, பாத்ரோக்ளஸ் சாகிறான். பிறகு ஹெக்டர் அதை எடுத்துப் போடுகிறான். அவன் உடம்புக்கு அது பொருந்த ஒரு கடவுளே தலையிட வேண்டியிருக்கிறது. அப்படியும் கழுத்தோரம் ஓர் இடைவெளி. அகில்லஸ் அங்கேதான் குத்துகிறான். அகில்லஸுக்குப் புதுக் கவசம் வரும்போது அவன் என்ன செய்கிறான் தெரியுமா? போட்டுக்கொண்டு கைகால் தடங்கலின்றி அசைகிறதா என்று பார்க்கிறான். கேடயத்தின் வேலைப்பாட்டைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு இந்தச் சின்ன இடம்தான் பெரிதாகப் படுகிறது. நம் கர்ணனோ ஒரு படி மேலே: கவசம் அவனோடு பிறந்தது. அளவெடுக்கவே வேண்டாம், கழற்றினால் ரத்தம் வரும்.

புறநானூற்றின் 95ஆம் பாட்டை நான் ஒரு விமர்சனமாகவே படிக்கிறேன். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். எண்ணெய் பூசி, பீலி சூட்டி, காவலுக்குள் நிற்கும் ஆயுதங்கள். ஔவையார் அவற்றைப் புகழ்கிறார். அதியமானுடையவை முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று முடிக்கிறார். எது உபயோகத்தில் இருக்கிறது, எது பார்வைக்கு இருக்கிறது என்று ஓர் இரும்பைப் பார்த்தே அவரால் சொல்ல முடிந்தது. நகல் கவசம் எதைப் பார்த்தாலும் எனக்குத் தொண்டைமான் கொட்டில் நினைவுக்கு வருவது அதனால்தான்.

கவசம் என்றால் நம்மாட்களுக்கு முதலில் நினைவு வருவது கந்த சஷ்டி கவசம். அடுத்தது சாமிக்குச் சாத்துகிற வெள்ளிக் கவசம். முதலாவது சொல்லால் ஆனது. தலை முதல் கால் வரை ஒவ்வொரு உறுப்பாகப் பேர் சொல்லிக் காக்கச் சொல்கிறது. யார் படித்தாலும் அவருடைய உடம்பே அளவு. இரண்டாவது தகட்டால் ஆனது. அரக்கின் மேல் தகட்டை வைத்து உளியாலும் சுத்தியாலும் எழுப்புகிற நகாசு வேலை. முறையாகச் செய்தால் அந்த ஒரு சிலைக்கு அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். இன்று இத்தனை அங்குலம் என்று சொன்னால் தயாராகவே கிடைக்கிறது. வேலை சுத்தம், முகம் மட்டும் எல்லா ஊரிலும் ஒரே முகம்.

எங்கள் பக்கம் தோட்டத்திலிருந்து இடம் மாறி வந்த ஒரு கோயில் இருக்கிறது. தோட்டத்துச் சனம் கூலிக் காசில் சேர்த்துச் செய்த பழைய கவசம் ஒன்று, முகமும் மார்பும் மட்டும், அங்கே அலமாரியில் கிடக்கிறது. பழைய அம்மன் சிலை பின்னப்பட்டுப்போனதால் தண்ணீரில் விட்டுவிட்டார்கள். புதுச் சிலை பெரியது, கவசம் பொருந்தாது. “உருக்கிப் புதுசுல சேர்த்துடலாம், வெள்ளி வீணாப் போகாது” என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. நியாயமான கணக்குதான், நானும் தலையாட்டினேன். பின்னாலிருந்து ஒரு பாட்டி மட்டும் சொன்னார்: “பழைய ஆத்தா மொகம் இதுலதானேய்யா இருக்கு?”

டென்ட்ராவிலும் அப்படித்தான். உடம்பு மண்ணாகிவிட்டது, அதன் சுற்றளவு வெண்கலத்தில் மிச்சமிருக்கிறது. அந்தக் கவசத்தை உருக்கி யாராவது பாத்திரம் செய்திருந்தால் பர்மிங்காமில் நகலும் இல்லை, 13 பேர் நடந்ததும் இல்லை.

புதுக் கவசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புது அம்மனுக்குப் புது அளவு எடுக்கட்டும், ஆசாரி நேரில் வந்து எடுக்கட்டும். பழையதை உருக்க வேண்டாம். பொருந்தாமல் இருப்பதுதான் அதன் மதிப்பு. அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன். இந்த முறை தலையாட்டிவிட்டு வரக்கூடாது.