ஒருவர் தொகுதியும் மூவர் தொகுதியும்

“அதிக வாக்குப் பெற்றவர் வென்றார், இதில் அநீதி யாது?” என வினவுவோர் உளர். மக்கள் எங்கே, எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இலங்கையின் 1977-ஆம் ஆண்டுத் தேர்தலை நோக்குவோம். 168 இடங்களுள், நூற்றுக்கு ஏறத்தாழ 30 வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சி அடைந்தவை 8. நூற்றுக்கு 7-க்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியோ 18 இடங்களை அடைந்தது. கூட்டணியின் வாக்காளர் வடக்கிலும் கிழக்கிலும் செறிந்திருந்தனர். சுதந்திரக் கட்சியினர் சிதறியிருந்தனர்.

அத்தேர்தலில் நுவரெலியா–மஸ்கெலியா மூவரைத் தெரிந்தெடுத்தது. ஒருவர் தம் மூன்று வாக்குகளையும் ஒரே வேட்பாளருக்கு இடலாம். ஆகவே காமினி திசாநாயக்கா, அநுரா பண்டாரநாயக்கா ஆகியோரோடு தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமானும் மூன்றாமவராக வென்றார். ஒருவர் தொகுதியாயின் அவருக்கு இடமேது?

மலேசியாவில் ராசா உட்பட நாடாளுமன்றத் தொகுதி ஒவ்வொன்றும் ஒருவரையே அனுப்புகிறது. இந்தியர் பெரும்பான்மையாக வாழும் தொகுதி ஒன்றேனும் இல்லை. நம்மவர் வாக்கு வெற்றியை முடிவு செய்யலாம். நமக்கென ஓர் இடத்தைத் தர அதனால் இயலாது.

மூவர் தொகுதியிலும் குறை உண்டு. பரப்புப் பெரிது, குறையை எவரிடம் சொல்வதெனக் குடிகள் மயங்குவர். ஆயினும் சிதறி வாழ்வோர்க்கு அதுவே நேரிய வழி என்பது என் துணிபு. குடிமையியல் கற்பிக்கும் ஆசிரியர், வென்றவர் பெயரோடு வெல்லும் முறையையும் மாணவர்க்கு விளக்குதல் வேண்டும்.