குறையாத வேகம்

32 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம், 2.1 மில்லிமீட்டர் தடிமன். எஸ்டி கார்டு என்பது இவ்வளவுதான். எடை ஏறத்தாழ இரண்டு கிராம். இந்தச் சிறிய முகத்தில் ஏழெட்டு எண்களும் குறிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் கொட்டை எழுத்தில் இருப்பதுதான் படமெடுக்கும்போது மிகக் குறைவாக உதவுவது. 200 என்றும் 300 என்றும் மின்னும் அந்த எண், கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படங்களை இறக்கும் வேகத்தின் உச்சம். அது வீடு திரும்பிய பிறகு நடக்கும் வேலை. கேமரா கார்டில் எழுதும் வேகம் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இருந்தாலும் அதுவும் ஓர் உச்சக் கணக்கே. எழுதும் வேகம் இதற்குக் கீழே இறங்காது என்று உறுதி சொல்லும் எண், ஆங்கில ‘வி’ எழுத்தை ஒட்டி 30, 60, 90 என ஓர் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். கார்டு பார்க்கத் தெரிந்தவரின் கண் முதலில் போவது அந்த ஓரத்துக்குத்தான்.

உச்ச வேகத்துக்கும் உறுதியான வேகத்துக்கும் இவ்வளவு இடைவெளி ஏன் என்பது கார்டின் உள்ளே இருக்கிறது. அங்கே இருப்பது ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கி 1984இல் அறிவித்த இந்த நுட்பத்தின் ‘நேண்ட்’ வகை 1987இல் வந்தது; இன்றைய கேமரா கார்டுகள் எல்லாம் அந்த வகையே. ஒரு பகுதி முழுவதையும் ஒரே வீச்சில் அழித்துவிடும் அதன் இயல்பு, கேமராவின் ஃபிளாஷ் வெட்டுவதை நினைவூட்டியதால் உடன் பணியாற்றிய ஷோஜி அரியிஸுமி அப்படிப் பெயர் வைத்தார். கேமராவிடம் கடன் வாங்கிய பெயர், பிறகு கேமராவுக்குள்ளேயே வந்து குடியேறியது.

நேண்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த பிளாக்கை மொத்தமாக. எழுதிய பக்கத்தின்மேல் திருத்தி எழுத முடியாது. அதனால் எதை எங்கே வைப்பது, எந்த பிளாக்கை எப்போது துடைப்பது, ஒரே இடம் தேய்ந்துபோகாமல் எழுத்தை எப்படிப் பரப்புவது என்று ஓயாமல் கணக்குப் பார்க்கும் கன்ட்ரோலர் சிப் ஒன்று ஒவ்வொரு கார்டிலும் உண்டு. இதோடு இன்னொரு சிக்கல். விலையைக் குறைக்க ஒரு நினைவறையில் மூன்று பிட்டுகளைத் திணிக்கிறார்கள். டிஎல்சி என்பது அதுதான். மூன்றைத் துல்லியமாகத் திணிப்பது மெதுவான வேலை. இந்த மந்தத்தை மறைக்க, சில பகுதிகளில் அறைக்கு ஒரே பிட் என்று வைத்து, வருவதை முதலில் அங்கே விறுவிறுவென்று வாங்கிக்கொண்டு, பிறகு ஓய்வாக உள்ளே அடுக்குகிறது கன்ட்ரோலர். திண்ணையில் இறக்கிவைத்த மூட்டைகளை அப்புறம் பரணில் ஏற்றுவது போல. திண்ணை நிறைந்ததும் வேகம் சரிகிறது. அரை நிமிடச் சோதனையில் பாயும் கார்டு, நீண்ட வீடியோவின் நடுவில் மூச்சு வாங்குவது இதனால்தான்.

கச்சேரி கேட்பவர்கள் காலப்பிரமாணம் என்று ஒன்றைச் சொல்வார்கள்: எடுத்த வேகத்தை ஓடவும் விடாமல் இழுக்கவும் விடாமல் கடைசிவரை பிடிப்பது. நல்ல கார்டின் லட்சணமும் அதுவே. அதைக் காதாலேயே கேட்கலாம். மெக்கானிக்கல் ஷட்டர் உள்ள கேமராவில் தொடர் படப்பிடிப்பை வைத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் முதல் சில நொடிகள் எந்தக் கார்டிலும் ஒரே சீராகத் தடதடக்கும். அந்தச் சத்தம் கார்டின் பெருமை அல்ல, கேமராவின் பஃபரினுடையது. படங்கள் முதலில் அங்கேதான் குவிகின்றன. பஃபர் நிரம்பிய கணம் சத்தம் தடுக்கும். அதன்பின் கேட்கும் தாளம்தான் கார்டின் சொந்தத் தாளம். மட்டமான கார்டில் அது இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு, நீண்ட நிறுத்தம் என்று தள்ளாடும். நல்ல கார்டில் வேகம் இறங்கினாலும் இடைவெளி மாறாது. மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாத புதிய கேமராக்களில் இந்தச் சுகம் போய்விட்டது. எழுதும்போது எரியும் சிறு விளக்கு எத்தனை நொடியில் அணைகிறது என்று எண்ணித்தான் அறிய வேண்டும்.

கல்யாண வீட்டில் இந்தக் கணக்கு கண்முன்னே நடக்கும். கெட்டிமேளம் முழங்கியதும் ஷட்டரில் விரல் இறங்கும். 2018இல் வந்த சோனி ஏ7 மூன்றாம் தலைமுறை கேமரா 24 மெகாபிக்சல், நொடிக்கு 10 படம். சுருக்கிய ரா கோப்பு ஒன்று சுமார் 24 மெகாபைட் என்றால் நொடிக்கு 240 மெகாபைட் உற்பத்தி. யுஎச்எஸ்-1 வகை கார்டின் வழித்தடத்தில் ஏட்டளவிலேயே நொடிக்கு 104 மெகாபைட்தான் போகும். யுஎச்எஸ்-2இல் 312 வரை. வரவு 240, செலவு 104க்கும் கீழே என்றால் மீதியெல்லாம் பஃபரில் தேங்கும். முதல் முடிச்சிலிருந்தே அழுத்திப் பிடித்தவருக்கு நாத்தனார் மூன்றாம் முடிச்சுப் போடும்போது கேமரா திணறலாம். இதற்குக் கார்டு ஒரு மருந்து. பொத்தானைச் சின்னச் சின்னக் கொத்தாக அழுத்தும் பழக்கம் இன்னொரு மருந்து. இரண்டாவதற்குக் காசு செலவில்லை.

குறிகளுக்கு வருவோம். வட்டத்துக்குள் 10 என்றால் நொடிக்கு 10 மெகாபைட் குறையாது. ‘யு’ எழுத்துக்குள் 3 என்றால் 30. வி30, வி60, வி90 ஆகியவை அந்தந்த எண்ணளவு மெகாபைட். ஒரே கார்டில் 10, யு3, வி30 மூன்றும் இருப்பது சகஜம். மூன்றில் பெரிய உறுதியை எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடலாம். பழைய கார்டுகளில் 600 மடங்கு, 1000 மடங்கு என்று இருந்தது ஆதி காலத்து சிடி டிரைவின் வேகமான நொடிக்கு 150 கிலோபைட்டை ஒன்றாக வைத்துப் பெருக்கியது. 1000 மடங்கு என்பது 150 மெகாபைட்தான். அந்தக் குறி வழக்கொழிந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை.

வீடியோ எடுப்பவரை ஏமாற்றுவது பிட்டும் பைட்டும். கேமராவின் மெனுவில் 400 என்று இருந்தால் அது மெகாபிட். கார்டில் உள்ளது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 400 மெகாபிட் வீடியோவுக்கு நொடிக்கு 50 மெகாபைட் போதும், ஆகவே வி60 கார்டு. 100 மெகாபிட்டில் 4கே எடுப்பவருக்கு 12.5 மெகாபைட்தான் தேவை, வி30 தாராளம். வி90 வாங்கச் சொல்லும் கடைக்காரரிடம் இந்த வகுத்தலைச் செய்து காட்டினாலே பணம் பாதி மிச்சம்.

எஸ்டியை சான்டிஸ்க், பானசோனிக், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1999இல் அறிவித்தன. அதன் சின்னத்தில் உள்ள ‘டி’ எழுத்து ஒரு வட்டத்தட்டைப் போல இருப்பதற்குக் காரணம், டிவிடிக்கு முன் தோஷிபா முன்வைத்த வேறொரு வட்டுக்காக வரைந்த சின்னத்தை வீணாக்காமல் எடுத்துப் போட்டதுதான். எஸ்டிக்கு முன் தொழில்முறைக் கேமராக்களை ஆண்டது 1994இல் சான்டிஸ்க் கொண்டுவந்த காம்பாக்ட்ஃபிளாஷ். தீப்பெட்டி அளவில், கையில் எடுத்தால் பொருள் என்று தோன்றும் கனத்தோடு இருந்தது. 1999இல் ஐபிஎம் அதே வடிவத்துக்குள் சுழலும் ஓர் அங்குல ஹார்டு டிஸ்க்கையே அடக்கி மைக்ரோடிரைவ் என்று விற்றது. கொள்ளளவு 170 மெகாபைட்டும் 340 மெகாபைட்டும். காம்பாக்ட்ஃபிளாஷின் சாபம் அதன் 50 ஊசிகள். அவை கேமராவுக்குள் நின்றன, துளைகள் கார்டில் இருந்தன. அவசரத்தில் கோணலாகச் செருகி ஓர் ஊசி வளைந்தால் பழுதாவது கார்டு அல்ல, கேமரா. வடிவமைப்பில் இதைவிடப் பெரிய தவறு கார்டு வரலாற்றில் இல்லை.

2012இல் நிக்கான் டி4 கேமராவோடு எக்ஸ்க்யூடி கார்டு வந்தபோது அந்த ஊசிப் பயம் ஒழிந்தது. கம்ப்யூட்டர்களின் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையைக் கார்டுக்குக் கொண்டுவந்த வடிவம் அது. அதன் வாரிசான சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி அதே அளவும் அதே உருவமும் கொண்டது. அதனால் ஃபர்ம்வேரை மட்டும் மாற்றி, விற்றுமுடிந்த டி850, டி500, இசட்6, இசட்7 கேமராக்களிலும் புதிய கார்டு ஓடும்படி செய்தது நிக்கான். வாங்கிய பொருள் பழசாவதற்குப் பதிலாகப் புதிதான அரிய சந்தர்ப்பம்.

2019இன் வரையறைப்படி டைப் பி, ஏட்டளவில் நொடிக்கு 2000 மெகாபைட் தாங்கும். அதைவிடச் சிறிய டைப் ஏ 1000. 2023இல் வந்த 4.0 வரையறை இரண்டையும் இரட்டிப்பாக்கியது. 45.7 மெகாபிக்சலில் நொடிக்கு 20 ரா படம் எடுக்கும் நிக்கான் இசட்9 போன்றவற்றுக்கு இது ஆடம்பரமல்ல. ஆனால் உச்சத்துக்கும் உறுதிக்கும் உள்ள இடைவெளி இங்கேதான் மிகப் பெரியது. நெற்றியில் 1700 என்று எழுதியிருக்கும் கார்டு, திண்ணை நிறைந்ததும் அதில் சிறு பங்காக இறங்கிவிடக்கூடும். விபிஜி 400 என்ற குறி இருந்தால் நொடிக்கு 400 மெகாபைட் உறுதி. அந்த 400, வெறும் 1700ஐவிட மதிப்புள்ளது. இடைவிடாமல் எழுதும் இந்தக் கார்டுகள் நன்றாகச் சூடாகும். வீடியோ முடித்து உருவியதும் விரலில் சுருக்கென்றால் பதற வேண்டியதில்லை.

கார்டைத் தேர்வது ஸ்லாட்டிலிருந்து தொடங்க வேண்டும். யுஎச்எஸ்-2 கார்டைத் திருப்பிப் பார்த்தால் வழக்கமான தொடுமுனைகளுக்குக் கீழே இரண்டாவது வரிசை ஒன்று தெரியும். ஒற்றை வரிசை படிக்கும் ஸ்லாட்டில் அந்த இரண்டாம் வரிசை வெறும் அலங்காரம். யுஎச்எஸ்-1 குறியோடு 170, 200 என்று விளம்பரமாகும் கார்டுகளும் தந்திரம்தான்: 104ஐத் தாண்டும் வேகம் அதற்கென்றே செய்த கார்டு ரீடரில் மட்டும் கிடைக்கும், கேமராவில் கிடைக்காது. இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவில் இரண்டும் சமமென்று நம்பக் கூடாது. மேலே சொன்ன ஏ7 மூன்றாம் தலைமுறையில் முதல் ஸ்லாட் யுஎச்எஸ்-2, இரண்டாவது யுஎச்எஸ்-1. 2020இல் வந்த கேனான் ஆர்5இல் ஒன்று சிஎஃப்எக்ஸ்பிரஸ், மற்றது எஸ்டி. இரண்டிலும் ஒரே படத்தை ஒருசேர எழுதும்போது மெதுவானது வைத்ததே சட்டம். அதற்காக அந்த வசதியை அணைப்பது தப்பு. காசு வாங்கிக்கொண்டு எடுக்கும் நிகழ்ச்சியில் இரட்டை எழுத்தே முதல் விதி. வேகம் போதாவிட்டால் இரண்டாம் ஸ்லாட்டில் ஜேபெக் மட்டும் எழுதலாம்.

கொள்ளளவைப் பற்றி அதிகம் பேச ஏதுமில்லை. 64 ஜிபி என்று வாங்கியது கம்ப்யூட்டரில் 59 சொச்சம் காட்டுவது ஆயிரத்துக்கும் 1024க்கும் உள்ள வேறுபாடு, களவு அல்ல. ஒரே 256ஐவிட இரண்டு 128 மேல். மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டுக் கேமராவில் ஓட்டுவது அவசரத்துக்கு உதவும். நாள்தோறும் செய்தால் கூடுதல் தொடுமுனைகள் என்றாவது கைவிடும்.

நிஜமான களவு போலிக் கார்டு. சிறு கொள்ளளவுள்ள சிப்பின் கன்ட்ரோலரைத் திருத்தி 256 ஜிபி என்று பொய் சொல்ல வைப்பார்கள். கம்ப்யூட்டர் நம்பும், கேமராவும் நம்பும். உண்மைக் கொள்ளளவு தாண்டியதும் வரும் படங்களுக்குப் பெயர் மட்டும் இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. லேபிளைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுவதையும் சோதனைத் தரவால் நிரப்பித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனாலும் எந்தக் கடையில் வாங்கியதானாலும், முதல் நிகழ்ச்சிக்கு முந்தைய இரவில் இதைச் செய்யாத கார்டு கேமராவுக்குள் போகத் தகுதியற்றது.

புழக்கத்தில் சில சின்ன மரியாதைகள் உண்டு. ஃபார்மட்டைக் கேமராவிலேயே செய்ய வேண்டும். அந்தக் கேமரா எதிர்பார்க்கும் ஃபோல்டர் அமைப்பு அப்போதுதான் சரியாக அமையும். வழக்கமான ஃபார்மட் கோப்புகளின் பட்டியலை மட்டுமே பெரும்பாலும் அழிக்கிறது. தவறிச் செய்துவிட்டாலும், அந்தக் கார்டில் அதன்பின் ஒரு படம்கூட எடுக்காமல் உருவி வைத்துவிட்டால், ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளால் மீட்க வாய்ப்பு அதிகம். விளக்கு எரியும்போது கார்டுக் கதவைத் திறக்கக் கூடாது. எஸ்டி கார்டின் பக்கத்தில் உள்ள பூட்டுப் பொத்தான் வெறும் பிளாஸ்டிக் துண்டு. அது எங்கே நிற்கிறது என்பது கார்டுக்கே தெரியாது, ஸ்லாட்தான் தடவிப் பார்த்து அறிகிறது. கார்டுப் பெட்டியில் காலியானவற்றை முகம் மேலாகவும் நிறைந்தவற்றை முகம் கீழாகவும் வைக்கும் பழக்கம் நல்ல பழக்கம்.

ஃபிளாஷ் நினைவகம் படத்தைச் சேமிப்பது சிறைப்பட்ட எலெக்ட்ரான்களாக. மின்சாரம் படாமல் ஆண்டுக்கணக்கில் மேசை டிராயரில் கிடந்தால் அவை மெல்லக் கசியும். எழுதி எழுதித் தேய்ந்த கார்டில் இன்னும் விரைவாக. எனவே படங்களைக் கார்டிலேயே விட்டுவைக்காமல், இரண்டு வெவ்வேறு இடங்களில் நகலெடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகு கார்டைக் கேமராவில் போட்டு ஃபார்மட் செய்யுங்கள்.