இருபத்தோராவது துளி

போன மாதம் எங்கள் வாசிப்புக் குழுவில் அல்போன்ஸ் தோதேயின் ‘கோஷே பாதிரியாரின் எலிக்சிர்’ கதையைப் பேசினோம். 1869-இல் வந்த ‘என் காற்றாலையிலிருந்து கடிதங்கள்’ தொகுப்பில் உள்ள பிரெஞ்சுக் கதை. ஆறேழு பக்கம்தான் இருக்கும். குழுவில் இளையவரான ஒரு தம்பி, “அண்ணே, ஒரு சாமியார் குடிச்சிட்டுப் பாட்டுப் பாடுறாரு. மத்த சாமியாருங்க காசுக்காகக் கண்டுக்காம விடுறாங்க. ஜோக்கு நல்லா இருக்கு. அதுக்கு மேல இதுல என்ன இருக்கு?” என்று கேட்டார்.

அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரை அவருக்கான பதில்.

முதலில் கதை. புரோவான்ஸ் பகுதியில் ஒரு மடம். வறுமையில் கோபுரம் இடிந்துபோய், மணி வாங்கவும் வழியில்லாமல் மரக்கட்டையைத் தட்டிப் பூசைக்கு அழைக்கிறார்கள். அங்கே மாடு மேய்க்கும் சகோதரர் கோஷே ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொல்கிறார். அவரை வளர்த்த பெகோன் அத்தை, மலையில் பறித்த ஐந்தாறு மூலிகைகளைக் கொண்டு ஓர் எலிக்சிர் செய்வாள். அதை மறுபடி செய்து விற்றால் என்ன? செய்கிறார்கள். ஆறே மாதத்தில் ஊரெங்கும் பேர். கோபுரம் எழுகிறது. மாடு மேய்த்தவர் ‘அருட்தந்தை’ ஆகிறார். ஒருநாள் மாலைப் பூசைக்கு அவர் தள்ளாடிக்கொண்டு வந்து, கோயிலுக்குள் கன்னாபின்னாவென்று பாடுகிறார். பிறகு நடப்பதுதான் கதை.

இதைப் புரிந்துகொள்ள லிக்கியூர் எப்படிச் செய்யப்படுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. லிக்கர் வேறு, லிக்கியூர் வேறு. தமிழில் இரண்டையும் ‘மது’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம். முதலாவது பொதுப்பெயர். இரண்டாவது இனிப்பும் வாசனையும் சேர்த்த ஒரு தனி வகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அதில் குறைந்தது 15 சதவீத ஆல்கஹால் இருக்க வேண்டும். சில விலக்குகள் தவிர, லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையாவது வேண்டும்.

வாசனையை ஏற்ற முக்கியமாக இரண்டு வழி. ஒன்று ஊறவைப்பது. பழமோ தோலோ இலையோ சாராயத்தில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் கிடக்கும். நிறமும் சாரமும் அதில் இறங்கும். மற்றொன்று ஊறியதை மறுபடி வாலையில் போட்டுக் காய்ச்சி வடிப்பது. வடியும்போது முதலில் வரும் தலைப்பகுதி மூக்கைக் குத்தும். கடைசியில் வரும் வால்பகுதியில் கனத்த நாற்றம் இருக்கும். நடுப்பகுதிதான் வேண்டும். எங்கே வெட்டுவது? அளவுகோல் ஓரளவு சொல்லும். கடைசித் தீர்ப்பு மூக்குக்கும் நாக்குக்கும்தான். பிறகு சர்க்கரைப் பாகோ தேனோ சேர்த்து, எல்லாம் ஒன்றோடொன்று இணங்கும்வரை விட்டுவைப்பார்கள். ஒவ்வொரு வருடமும் மூலிகை ஒரே மாதிரி விளைவதில்லை. ஆனால் வாடிக்கையாளருக்குப் போன வருடத்துச் சுவையேதான் வேண்டும். அதனால் யாராவது ஒருவர் சுவைத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

தோதேக்கு இது தெரிந்திருக்கிறது. கதையின் அச்சாணியை அவர் இங்கேதான் வைத்திருக்கிறார். கோயிலில் கலாட்டா நடந்த மறுநாள், கோஷே மடத்தலைவர் முன் மண்டியிட்டு அழுகிறார். வீரியத்தை அளக்கக் கருவி இருக்கிறது, ஆனால் அந்த வெல்வெட் போன்ற முடிவுக்கு என் நாக்கை மட்டுமே நம்புகிறேன் என்கிறார். உடனே அவரே ஒரு வழியும் சொல்கிறார்: இனிமேல் கருவி மட்டும் போதும், சரக்கு கொஞ்சம் சுமாராக வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். தலைவர் பதறிப்போய்த் தடுக்கிறார். வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாது!

என் வாசிப்பில் கதை திரும்பும் இடம் இதுதான். குடிகாரன் தானாகவே விலக முன்வருகிறான், தரத்தைக் காரணம் காட்டி நிறுவனம் அவனைத் திரும்ப உள்ளே அனுப்புகிறது. “அவன் கெட்டான் குடியால” என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிற இடத்தில், தோதே விரலை வேறு பக்கம் நீட்டுகிறார்.

தலைவர் கண்டுபிடிக்கும் தீர்வு இன்னும் நுட்பமானது. இருபது துளி. எண்ணி இருபது. அதற்கு மேல் வேண்டாம். அசம்பாவிதம் நடக்காமலிருக்க, மாலைப் பூசைக்கும் வர வேண்டாம், வாலைக் கூடத்திலேயே ஜெபம் சொல்லிக்கொள். விதி போட்டாயிற்று, ஆளையும் தனியாக்கியாயிற்று. இருபது வரை எண்ணிவிடுகிறார் கோஷே. இருபத்தோராவது துளியில் விழுகிறார்.

நான் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் பாரில் இரண்டு வருடம் வேலை செய்திருக்கிறேன். அங்கே கற்ற முதல் பாடம், கலந்த பானத்தைக் கிளாஸோடு தூக்கிக் குடித்துப் பார்க்கக் கூடாது என்பது. உறிஞ்சுகுழலின் நுனியை உள்ளே விட்டு, மேல்முனையை விரலால் அடைத்து எடுத்தால் சில துளிகள் நிற்கும். அதை நாக்கில் விட்டுப் பார்க்கலாம். வடிசாலைகளில் சுவைப்பவர்கள் துப்பிவிடுவார்கள். பக்கத்திலேயே அதற்கான பாத்திரம் இருக்கும். தொழிலில் இது சாதாரணம். இந்தக் கதையை மறுபடி படித்தபோது எனக்குத் தட்டுப்பட்டது அதுதான். அத்தனை துறவிகள், இருமுறை விசாரணை, துளிக்கணக்கு, பிரார்த்தனை. ஒருவர்கூட “துப்பிடு” என்று சொல்வதில்லை. தோதே மறந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்ல வேண்டுமானால், கோஷேயின் உடம்பைப் பற்றி யாராவது யோசித்திருக்க வேண்டும். அவர்கள் யோசித்ததெல்லாம் அவருடைய ஆன்மாவைப் பற்றியும் கணக்குப் புத்தகத்தைப் பற்றியும்தான்.

கடைசியில் கோஷே சபைமுன் வந்து, நான் குடிக்கிறேன், என்னை மாட்டுக்கே அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சுகிறார். பொருளாளர் பேரேட்டை ஆட்டிக்கொண்டு கத்துகிறார். தலைவர் இதற்கும் வழி காண்கிறார். தினமும் மாலையில் சபையே கூடி அவருக்காக ஜெபிக்கும், பாவம் நடக்கும்போதே பாவமன்னிப்பும் கிடைத்துவிடும். இந்தப் பக்கம் ஜெபம், அந்தப் பக்கம் வாலைக் கூடத்திலிருந்து பாட்டு. கதை முடிகிறது.

எனக்குத் தோதேயிடம் ஒரு குறையும் உண்டு. கோஷே படிப்பில்லாத மாட்டுக்காரர். அவர் தள்ளாடுவது நமக்குச் சிரிப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மடத்தலைவரே சுவைப்பவராக இருந்து அவர் தள்ளாடியிருந்தால் இதே கதை இவ்வளவு லேசாக இருந்திருக்குமா? நம் தோட்டத்துக் கதைகளை நினைத்துக்கொண்டேன். நான் படித்தவற்றில் கள்ளுக்கடையிலிருந்து தள்ளாடி வரும் அப்பா நிறையவே வருகிறார். அந்தக் கடையை யார் நடத்தினார்கள், பணம் எங்கே போனது என்ற பேரேடு மிகக் குறைவாகத்தான் வருகிறது. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை முன் மறியல் செய்தபோது, குடிப்பவனோடு கடையையும் அவர்கள் கேள்வி கேட்டார்கள். நம் புனைவு அந்த இரண்டாவது கேள்வியை அவ்வளவாகத் தொடரவில்லை.

தோதேயின் கதை கற்பனை என்றாலும் துறவிகளின் லிக்கியூர் கற்பனை இல்லை. கிரெனோபிள் பக்கத்து மலைகளில் கார்த்தூசியன் துறவிகள் ஷார்த்ரூஸ் செய்கிறார்கள். 1605-இல் கைக்கு வந்த ஒரு சுவடியிலிருந்து தொடங்கிய மரபு அது. 1737-இல் மருந்தாக எலிக்சிர் வந்தது, அதன் வீரியம் 69 சதவீதம். இன்று அதிகம் அறியப்பட்ட பச்சை ஷார்த்ரூஸ் 55 சதவீதம். 130 மூலிகை என்பார்கள். பச்சை நிறமும் மூலிகையிலிருந்தே வருகிறது. முழுச் செய்முறை தெரிந்தவர்கள் ஒரு சமயத்தில் இரண்டு மூன்று துறவிகள் மட்டுமே. 1903-இல் பிரெஞ்சு அரசு அவர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியபோது ஸ்பெயினின் தாராகோனாவில் வாலை வைத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கிளாஸில், குளிரவைத்துப் பருகுவது வழக்கம். இந்த நூற்றாண்டில் ‘லாஸ்ட் வேர்ட்’ போன்ற பழைய காக்டெயில்களுக்கு மறுபடி மவுசு வந்தது. அதில் ஜின், பச்சை ஷார்த்ரூஸ், மராஸ்கினோ, எலுமிச்சைச்சாறு நான்கும் சம அளவு. உலகம் முழுக்கத் தேவை ஏறியது.

துறவிகள் என்ன செய்தார்கள்? உற்பத்தியைக் கூட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். 2023-இல் இந்தச் செய்தி பரவலாகத் தெரியவந்து, எங்களைப் போன்ற மதுக்கூட ஆட்கள் புலம்பித் தீர்த்தோம். அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது, தனிமையும் பிரார்த்தனையுமான வாழ்வைக் காப்பாற்றுவது. அவர்களைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அந்த வருமானத்தில்தான் அவர்களும் வாழ்கிறார்கள். ஆனால் தோதேயின் மடத்தலைவருக்குக் கடைசிவரை வாயில் வராத ‘போதும்’ என்ற சொல்லை அவர்கள் சொன்னார்கள்.

தம்பி, நீங்கள் இதை ஜோக் என்றபோது நான் சட்டென்று பதில் சொல்லாததற்கு வேறு காரணமும் உண்டு. அந்த ஹோட்டலில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருந்தார். புதுச் சரக்கு வந்தால் முதலில் அவர்தான் சுவைப்பார். வீட்டில் ஊறப்போட்டது போன்ற நாரத்தைத் தோல் லிக்கியூர் ஒன்றை அவரே உருவாக்கியிருந்தார். சனிக்கிழமை கூட்டம் அதற்காகவே வரும். முதலில் உறிஞ்சுகுழல். பிறகு கரண்டி. பிறகு சின்னக் கிளாஸ். நிர்வாகத்துக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். மேனேஜர் சிரித்துக்கொண்டே, “அவரு டேஸ்ட்டு பண்ணாதான்யா கரெக்டா வரும்” என்பார். நாங்களும் சிரிப்போம். ராத்திரி கடையைச் சாத்தியதும் டிப்ஸ் டப்பாவைக் கவிழ்த்து எல்லாரும் பங்கு பிரித்துக்கொள்வோம். என் பங்கை நான் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.

அவர் பிறகு வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாள் அவரைப் பற்றி அக்கறையாக விசாரித்துக்கொண்டோம்.

கதையின் முடிவில் வெள்ளை அங்கிகள் பணிந்து ஜெபிக்கும் இடம் வரும்போது நான் எந்த வரிசையில் நிற்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. அதனால்தான் இதை மறுபடி படியுங்கள் என்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், தோதே அதற்காகவும்தான் எழுதியிருக்கிறார்.