காலியில் மதில், புதுச்சேரியில் வாய்க்கால்

பழைய நகரில் தங்க விடுதி தேடுகிறவர்கள் அறையின் படத்தையும் வாடகையையும் முதலில் பார்க்கிறார்கள். தெருவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இலங்கையின் காலிக் கோட்டையிலும் இந்தியாவின் புதுச்சேரியிலும் இது நன்றாகத் தெரியும். இரண்டிலும் டச்சுக்காரர் கை உண்டு. காலியை 1640இல் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றி மதிலை விரிவாக்கினார்கள். புதுச்சேரியை 1693இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தவர்கள், அதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் இன்றைய நேர்த் தெருக்களுக்கு வரைபடம் போட்டுவிட்டார்கள்.

காலியில் மதில்தான் எல்லை. 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டைக்குள் எங்கே தங்கினாலும் எல்லாம் நடை தூரம். எனவே எந்த இடம் என்பதைவிட யார் வீடு என்பதே முக்கியம். 1684இல் எழுந்த கட்டடத்தில் நடக்கும் அமன்கல்ல போன்ற சொகுசு விடுதிகள் ஒருபுறம். பெட்லர் வீதி போன்ற தெருக்களில் குடும்பத்தார் தாங்கள் வாழும் வீட்டிலேயே வாடகைக்கு விடும் அறைகள் மறுபுறம். முகப்பு குறுகி உள்ளே நீளும் வீடுகளில் நடு அறைக்கு வெளிச்சம் முற்றத்திலிருந்துதான் வரும். மாடி அறை கேட்பது நல்லது.

புதுச்சேரியில் எல்லை பெரிய வாய்க்கால். கிழக்கே பிரெஞ்சுப் பகுதி: உயர்ந்த மதில், மஞ்சள் சுவர், பக்கத்திலேயே கடல். 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்தபின் எழுந்தவையே இங்குள்ள கட்டடங்களில் பெரும்பாலானவை. பழைய பாணியில் அண்மையில் கட்டிய விடுதிகளும் உண்டு. மஞ்சள் சுவரைப் பார்த்து வயதைக் கணிக்க முடியாது. சிக்கனமாகத் தங்க அரவிந்தர் ஆசிரம விடுதிகள் இருக்கின்றன. மது, புகை கூடாது. இரவில் வாசற்கதவைப் பூட்டிவிடுவார்கள். மேற்கே தமிழர் பகுதி. வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமும் தெருவைப் பார்த்திருக்கும். கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு மாடி என்று கலந்து கட்டியவையும் உண்டு. பெருமாள் கோயில் வீதியில் அப்படிப்பட்ட பழைய வீடொன்று விடுதியாகியிருக்கிறது.

கடலும் அமைதியும் போதுமென்றால் வாய்க்காலுக்குக் கிழக்கே தங்கலாம். ஊரையும் அறிய வேண்டுமென்றால் காலியில் குடும்பம் வாழும் வீடும், புதுச்சேரியில் வாய்க்காலின் மேற்குக் கரையும்தான் என் தேர்வு. குடியிருப்பவர்கள் வெளியேறி விடுதிகள் மட்டும் மிஞ்சிய தெருவில், பழைய கட்டடம் இருக்கும். பழைய ஊர் இருக்காது. அறையைப் பதிவு செய்யுமுன், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.