இடது ஓரத்தில் நின்றவர்கள்

அலுவலக வேலையாக ஆம்ஸ்டர்டாம் போயிருந்தேன். ஊர் திரும்புவதற்கு முன் ஒரு நாள் மிச்சமிருந்தது. அதை முழுசாக ரைக்ஸ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டேன். காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்தபோது உள்ளே போனவன், மாலை ஐந்து மணிக்குப் பூட்டும்போதுதான் வெளியே வந்தேன். நூற்றுக்கணக்கான ஓவியங்களைப் பார்த்திருப்பேன். ஆனால் திரும்பத் திரும்பப் போய் நின்றது ஒன்றின் முன்னால்தான்.

1885இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடம் அந்த ஓவியத்தை மனதில் வைத்தே கட்டப்பட்டது. நீண்ட கௌரவக் கூடத்தின் இருபுறமும் சிறு சிறு அறைகள். அவற்றில் ஒன்றில் வெர்மீரின் பால் ஊற்றும் பெண், அரை மீட்டர்கூட இல்லாத சட்டத்துக்குள் இருக்கிறாள். கூடத்தின் கடைசியில், கருவறை மாதிரியான இடத்தில், ரெம்பிராண்ட் 1642இல் முடித்த ‘இரவுக் காவல்’. ஏறக்குறைய 3.8 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம். 2019இல் தொடங்கிய ஆய்வுக்காகவும் சீரமைப்புக்காகவும் அதைச் சுற்றிக் கண்ணாடி அறை ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள்.

பெயரில் இருக்கும் இரவு ஓவியத்தில் கிடையாது. காலப்போக்கில் வார்னிஷ் கறுத்துப்போனதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நகரக் காவல் படையினர் தங்கள் மண்டபத்தில் மாட்டிவைக்கக் காசு போட்டு வரையச் சொன்ன குழுப்படம். அந்நாளில் இத்தகைய படங்களில் பெரும்பாலும் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள் அல்லது விருந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ரெம்பிராண்ட் அவர்களைக் கிளம்பவைத்தார். கறுப்பு உடையில் கேப்டன் கையை நீட்டுகிறார். அந்தக் கையின் நிழல் பக்கத்தில் மஞ்சள் உடையில் நிற்கும் துணைத்தலைவரின் மேல் விழுகிறது. ஒருவர் துப்பாக்கிக்கு மருந்து கிட்டிக்கிறார், ஒருவர் முரசைத் தட்டுகிறார், நாய் ஒன்று குரைக்கிறது.

படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். “எல்லாரும் எங்க கிளம்பிட்டாங்க?” என்று பதில் வந்தது.

நல்ல கேள்வி. ஏனென்றால் இன்றைய ஓவியத்தில் அவர்கள் போவதற்கு இடமே இல்லை. தலைவர்கள் இருவரும் கிட்டத்தட்ட நட்டநடுவில் இருக்கிறார்கள். கிளம்பிய கூட்டம், போஸ் கொடுத்து நிற்பதைப் போல ஆகிவிடுகிறது.

காரணம் கத்தி. 1715இல் ஓவியத்தை நகர மன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மாட்ட நினைத்த சுவரில் இடம் பற்றவில்லை. நாலு பக்கமும் வெட்டினார்கள். இடதுபுறம் மட்டும் சுமார் 60 சென்டிமீட்டர். வெட்டிய துண்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

வெட்டியவர்களை என்னால் திட்ட முடியவில்லை. சில வருஷங்களுக்கு முன் எங்கள் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஒரு குழுப்படம் போட வேண்டியிருந்தது. பெட்டியின் அகலத்துக்குள் படம் அடங்கவில்லை. இடது ஓரத்தை கிராப் செய்தேன். அங்கே நின்றவர் டெஸ்டிங் டீமில் இருந்த மூத்தவர். “நான் அன்னைக்கு லீவுன்னு நினைச்சுக்குவாங்க தம்பி” என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வெட்டுவதற்கு முன் கெரிட் லுண்டன்ஸ் என்பவர் இந்த ஓவியத்தைச் சிறிய அளவில் பிரதியெடுத்திருந்தார். மியூசியத்தின் விஞ்ஞானி ராபர்ட் எர்ட்மன் அதை வைத்து, ரெம்பிராண்டின் வண்ணங்களையும் தீற்றல்களையும் நரம்பியல் வலைப்பின்னல்களுக்குப் பழக்கி, தொலைந்த பகுதிகளை உருவாக்கினார். 2021இல் அவற்றை அச்சிட்டு மூல ஓவியத்தைச் சுற்றி மாட்டினார்கள். இடது ஓரத்தில் இரண்டு ஆண்களும் ஒரு சிறுவனும் திரும்பி வந்தார்கள். சில மாதங்களில் கழற்றியும் விட்டார்கள்.

கண்ணாடியின் முன் நின்று அந்த மீட்டுருவாக்கத்தை ஃபோனில் திறந்தேன். எங்க ஆளுங்க வேலை என்ற பெருமை முதலில் வந்தது. ஆனால் அந்த மூன்று பேரில் என் கண் நிற்கவில்லை. லுண்டன்ஸின் சின்னப் பிரதியில் இருந்ததற்கு மேல் அந்த முகங்களில் எதுவும் வர வழியில்லை. நின்றது வேறொன்றில். தலைவர்கள் வலப்பக்கம் நகர்ந்துவிட்டார்கள், அவர்களுக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் கிடைத்துவிட்டது. உடனே கூட்டம் நடக்கத் தொடங்கியது. 1715இல் தொலைந்ததில் பெரிய இழப்பு அந்த வெற்றிடம்தான் என்று எனக்குப் படுகிறது.

அதனால் இந்த மீட்டுருவாக்கத்தை ஓவியமாகப் பார்ப்பதைவிட விமர்சனமாகப் படிப்பதே சரி. ரெம்பிராண்ட் என்ன நினைத்தார் என்று அது சுட்டிக்காட்டியது, பிறகு விலகிக்கொண்டது. கழற்றியது நல்ல முடிவு. அங்கேயே விட்டிருந்தால், பத்து வருஷத்தில் நாம் அதையும் ரெம்பிராண்ட் என்றே நம்பியிருப்போம். இதே மியூசியம் 2022இல் 717 கிகாபிக்சல் அளவில் ஓவியத்தின் படத்தை வெளியிட்டது. ஒவ்வொரு விரிசலும் அதில் தெரியும். வெட்டுப்பட்ட பகுதிக்கு அதில் ஒரு பிக்சல்கூட இல்லை.

“இடது பக்கம் போறாங்க. அந்தப் பக்கத்தைத்தான் வெட்டிட்டாங்க” என்று மனைவிக்குப் பதில் அனுப்பினேன்.

ஊருக்கு வந்ததும் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடினேன். வெட்டாத மூலப்படம் இருந்தது. இப்போது ஓய்வுபெற்றுவிட்ட அவருக்கு முழுசாக அனுப்பிவைத்தேன்.